மூன்றாவது சக்கரம்

புந்தோங்கில் வளர்ந்தவர்களுக்கு மூன்று சக்கர மோட்டார் அதிசயமில்லை. எட்டயபுரம் பக்கமிருந்து வந்து ஈப்போவின் இந்தப் பகுதியில் குடியேறியவர்கள் கடலையும் முறுக்கும் செய்து விற்கத் தொடங்கியதில், ஒரு கம்பத்துக்கே ‘கச்சாங் பூத்தே’ என்று பெயர் நிலைத்துவிட்டது. தலைச்சுமையாக ஆரம்பித்த வியாபாரம் சைக்கிளுக்கு வந்தது, பிறகு மோட்டாருக்கு வந்தது. ஒரு பழைய கப்சாய், அதன் இடப்பக்கம் இரும்புச் சட்டத்தில் பொருத்திய பெட்டி, பெட்டிக்கு அடியில் ஒற்றைச் சக்கரம். மாலை ஐந்து மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தாமானுக்குள் வரும். சின்ன வயதில் நான் அந்தப் பெட்டியிலிருந்த கச்சாங்கைத்தான் பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்ததில்லை.

34 வயதில் பார்க்க வேண்டி வந்தது. ஒரு விபத்துக்குப் பிறகு என் இடது முட்டி சரியாக மடங்காமல் போனது. சாலை விளக்கில் நின்றால் மோட்டாரின் எடையை அந்தக் காலால் தாங்க முடியாது. ஏழு மாதம் அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். கிளினிக்கில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெளியே வருவேன். 71 வயது மனிதர் காருக்குள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். கண்ணாடியைத் தட்டி எழுப்புவேன். திடுக்கிட்டு விழித்து, ‘வந்துட்டியாம்மா’ என்பார். அந்தத் தட்டலைத் தாங்க முடியாமல்தான் நான் சைட்காருக்கு வந்தேன்.

பெங்கேலில் என் பழைய கப்சாயின் இடப்பக்கம் சட்டமும் பெட்டியும் சக்கரமும் பொருத்தினார்கள். காலால் மாற்றுகிற கியருக்கு ஒரு நீண்ட இரும்புக் கம்பியை ஒட்டி இடக்கைக்கு எட்டும்படி செய்தார்கள். கப்சாயில் கிளச் பிடி கிடையாது, இடக்கை சும்மாதானே இருக்கிறது! ஜேபிஜே சோதனையெல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று, “இனிமே நீ விழவே மாட்ட” என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை திடலுக்குப் பக்கத்துப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். வேகம் 30கூட இருக்காது. பாதை இடப்பக்கம் லேசாக வளைகிறது. 15 வருடமாகச் செய்ததையே என் கைகள் செய்தன. ஆனால் வண்டி இடப்பக்கம் போகவில்லை. வலப்பக்கம் போனது. முன்சக்கரம் லோங்காங்கின் விளிம்பைத் தாண்டித் தொங்கியபோதுதான் நின்றேன். விழவில்லை. இறங்கி, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நொண்டி நடந்து போனேன். தம்பி போய் எடுத்து வந்தான். அதன்பிறகு ஆறு வாரம் வண்டி அஞ்சடியிலேயே நின்றது.

ஓட்டப் பயந்தவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். படிக்க ஆரம்பித்தேன்.

*

முதலில் தெரியவேண்டியிருந்தது, வண்டி ஏன் வலப்பக்கம் போனது என்பது. விடை ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் இருந்தது. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களுக்கு அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை இருந்தது. சைக்கிளில் இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று வில்பர் ரைட் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புவோம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மை வேறு. முதலில் நாம் ஹேண்டிலை மிகமிகச் சிறிதாக வலப்பக்கம் திருப்புகிறோம். அதனால் சைக்கிள் இடப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டுதான் இடப்பக்கம் திரும்புகிறோம். தினமும் செய்கிறவர்களுக்கே தாங்கள் செய்வது தெரிந்திருக்கவில்லை.

மோட்டாருக்கும் இதே கணக்குதான். ஓடும்போது இடது பிடியை முன்னால் தள்ளினால் மோட்டார் இடப்பக்கம் சாய்ந்து இடப்பக்கம் போகும். ஆனால் சைட்கார் கட்டிய மோட்டாரால் சாய முடியாது. அன்று காலை என் கைகள் இடது பிடியைத் தள்ளியிருக்கின்றன. ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியது. சாயத் தெரியாத வண்டி, ஹேண்டில் காட்டிய திசையிலேயே நேராக லோங்காங்கை நோக்கிப் போனது. தப்பு செய்தது என் பயமல்ல. என் 15 வருட அனுபவம். ஓட்டவே தெரியாதவர்களைவிட, இரண்டு சக்கரம் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மூன்று சக்கரம் கூடுதல் ஆபத்து என்பது அப்போதுதான் புரிந்தது.

*

பிறகு இன்னொரு கேள்வி வந்தது. இந்த மூன்றாவது சக்கரம் யாருக்குத் தேவைப்பட்டது?

1655இல் ஜெர்மனியில் நியூரம்பெர்க் அருகே ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் என்று ஒரு கடிகாரத் தொழிலாளி இருந்தார். அவரால் நடக்க முடியாது. 22 வயதில் தனக்குத் தானே ஒரு மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார். முன்சக்கரத்துப் பல்சக்கரங்களைக் கைப்பிடியால் சுற்றினால் வண்டி நகரும். சைக்கிள் என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு 150 வருடங்களுக்கு முன்பு இது. நான் ஏதோ ஊனமுற்றவர்களுக்காகப் பின்னாளில் இரக்கப்பட்டுச் சேர்த்த சக்கரம் இது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கால் நடக்காத ஒருவரின் கையில்தான் கதையே தொடங்குகிறது.

அடுத்தவர் இங்கிலாந்தின் கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி ஒன்றைச் செய்து, மகனோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்தாராம். மகன் இளைஞன், வேகமாக மிதித்திருக்கிறான். ஒரு பக்கச் சக்கரம் முந்தவே வண்டி பாதையை விட்டு விலகி, அப்பாவைக் காஞ்சொறிச் செடிக்குள் கொண்டுபோய்த் தள்ளியது. சைக்கிள் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. உடம்பெல்லாம் அரிப்போடு அவர் யோசித்ததன் விளைவு 1877இல் வந்தது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடவேண்டும். இரண்டையும் அதனதன் வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பைச் செய்தார். இன்று கார் பெங்கேல்களில் டிஃபரன்ஷியல் என்கிறார்களே, அதுதான். 1881இல் விக்டோரியா ராணியே ஸ்டார்லியின் வண்டிகளை வாங்கினார். உயர்ந்த சைக்கிளில் ஏறமுடியாத பெண்களும் வயதானவர்களும் மூன்று சக்கரத்தில் ஊர் சுற்றிய காலம் அது.

என் கப்சாயில் டிஃபரன்ஷியல் கிடையாது. இன்ஜின் இழுப்பது பின்சக்கரம் ஒன்றை மட்டும்தான். சைட்கார் சக்கரம் சும்மா கூடவே வருகிறது. ஸ்டார்லியின் மகனைப் போல ஒரு பக்கம் மட்டும் மிதிக்கும் வண்டி அது. வேகம் கூட்டினால் சைட்கார் பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் அது முன்னால் தள்ளிக்கொண்டு வந்து வலப்பக்கம் இழுக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 1877இல் காஞ்சொறிக்குள் விழுந்த ஒருவர் சொல்லித் தந்தார்.

*

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் வண்டிக்கும் மூன்று சக்கரம்தான். நான்கு சக்கர வண்டியைத் திருப்ப அன்று இருந்த முறைகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்துவிட்டார். முந்தைய வருடச் சோதனை ஓட்டம் ஒன்றில் வண்டி சுவரில் மோதியிருக்கிறது. கண்டுபிடித்தவருக்கே தைரியம் போதவில்லை. வாங்கவும் ஆளில்லை.

1888 ஆகஸ்டில் ஒருநாள் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். மேட்டில் ஏறாமல் திணறியபோது மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரத்துண்டு பிரேக் தேய்ந்துபோனது. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் அதற்குத் தோல் வைத்துத் தரச் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி அனுப்பினார். பின்பு, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றும் சொன்னார். கார்ல் சேர்த்தார்.

பெர்த்தாவின் கதையை எல்லோரும் துணிச்சலின் கதையாகச் சொல்கிறார்கள். அஞ்சடியில் வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அவர் அந்த வண்டியை நம்பவில்லை. நம்பியிருந்தால் ஒவ்வொரு கோளாறிலும் இடிந்துபோயிருப்பார். குழாய் அடைக்கும், பிரேக் தேயும், மேட்டில் நிற்கும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே போனார். தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடுகிறோம். வண்டி மேல் வைக்கிற நம்பிக்கை வேறு. வண்டியைத் தெரிந்துகொண்டதால் நம் மேல் வருகிற நம்பிக்கை வேறு.

*

இந்த இரண்டையும் குழப்பியதற்குப் பெரிய விலை கொடுத்த கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது.

அதற்கு முன்னால், குழப்பாதவர்களைச் சொல்லிவிடுகிறேன். 1932இல் ஹார்லி டேவிட்சன் ‘சர்வி-கார்’ என்ற மூன்று சக்கர மோட்டாரைக் கொண்டுவந்தது. கார் பட்டறைக்காரர்களுக்கான வண்டி அது. ஒரு ஆள் அதில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார். மோட்டாரைக் காரின் பின்னால் கொக்கி போட்டு மாட்டுவார். காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்புவார். மோட்டார் ஓட்டிப் பழகாத மெக்கானிக்கும் ஓட்டவேண்டும் என்பதால் பின்னால் இரண்டு சக்கரம், டிஃபரன்ஷியல், பின்னோக்கிப் போக ஒரு கியர். போலீஸ்காரர்கள் கார் நிறுத்துமிடங்களில் மெதுவாக ஊர்ந்து சம்மன் எழுத அதையே பிடித்துக்கொண்டார்கள். 1973 வரை தயாரிப்பு ஓடியது. வேகமாக ஓட்ட என்று யாரும் அதை விற்கவில்லை, யாரும் அப்படி வாங்கவும் இல்லை.

1970இல் ஹோண்டா வேறொரு மூன்று சக்கரத்தை விற்க வந்தது. பலூன் போன்ற தடித்த டயர்கள், மணலிலும் பனியிலும் சேற்றிலும் போகும். ஏடிசி என்று பெயர். 1971இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூட வந்தது. மூன்று சக்கரம், குட்டையான வண்டி, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி. பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். ஆனால் அதன் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகக் கட்டப்பட்டவை. சேற்றில் இழுவை வேண்டும் என்பதற்காக ஸ்டார்லியின் பாடத்தைத் தெரிந்தே விட்டுவிட்டார்கள். அதனால் அந்த வண்டி வளைய மறுக்கும். ஓட்டுபவர் உடம்பின் எடையை நகர்த்தி, உள்பக்கச் சக்கரத்தை லேசாக வழுக்கவிட்டால்தான் திரும்பும். தெரியாதவர் ஹேண்டிலை மட்டும் ஒடித்தால் நேராகப் போகும், இல்லையென்றால் கவிழும். இரண்டு சக்கரப் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றியவர்களின் காலிலேயே பின்சக்கரம் ஏறியது. 1980களில் காயங்களும் சாவுகளும் குவிந்தன. அமெரிக்க அரசு நீதிமன்றம் போனது. 1988இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர ஏடிசி வகை வண்டிகளைப் புதிதாக விற்பதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்தினார்கள். வாங்குபவர்களுக்குப் பயிற்சி தரவும் ஒப்புக்கொண்டார்கள்.

“இனிமே நீ விழவே மாட்ட.” அப்பா சொன்ன அதே வாக்கியத்தைத்தான் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் நினைத்திருப்பார்கள்.

*

ஆறாவது வாரம், கச்சாங் பூத்தே அண்ணன் எங்கள் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். அவருக்குச் சின்ன வயதிலேயே போலியோ. மலேசியாவில் 1992க்குப் பிறகு 2019 வரை போலியோ கிடையாது, 2019 டிசம்பரில் சபாவில் திரும்பி வந்ததுகூடப் பலருக்கு மறந்துவிட்டது. அண்ணனின் தலைமுறைக்கு அது மறக்கிற விஷயமில்லை. வலது கால் மெலிந்து தொங்கும். 30 வருடமாக சைட்காரில்தான் இருக்கிறார்.

“என்னா தங்கச்சி, மோட்டார ஷோவுக்கு வச்சிருக்கியா?”

“பயமா இருக்குண்ணே.”

“பயம் இருக்கட்டும். எதுக்குப் பயப்படுற, அதச் சொல்லு.”

சொல்லத் தெரியவில்லை. விழுவதற்கு என்றேன்.

“அது சரி, எந்தப் பக்கம் விழும்?”

எனக்குத் தெரியாது. மூன்று சக்கர வண்டி எந்தப் பக்கம் விழும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. விழாத வண்டி என்றுதானே வாங்கினேன்!

“வீட்ல அரிசி மூட்ட இருக்கா? பத்து கிலோ போதும். ஞாயித்துக்கெழம காலைல எடுத்துட்டு வா.”

சந்தைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கார் நிறுத்துமிடத்தில் பாடம் நடந்தது. முதல் அரைமணி நேரம் நேர்கோட்டில் மட்டும். வேகம் கூட்டு, இடப்பக்கம் இழுப்பதைக் கையில் உணர். பிரேக் பிடி, வலப்பக்கம் இழுப்பதை உணர். அடுத்து வலப்பக்கமாக வட்டங்கள். அதில் சைட்கார் வெளிப்பக்கம் இருப்பதால் அது முட்டுக்கொடுத்த மாதிரி நின்றுகொள்கிறது. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

“இப்ப மூட்டய எறக்கு. இடது பக்கம் சுத்து. தூக்குற வரைக்கும் சுத்து.”

“எதுக்குண்ணே எறக்கணும்?”

“ரோட்டுல தூக்குறதுக்கு முன்னாடி இங்க தூக்கட்டும்.”

இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கம் தள்ளப்படுகிறது. சைட்கார் காலியாக இருந்தால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும். மெதுவாகச் சுற்றினேன். கொஞ்சம் வேகம். இன்னும் கொஞ்சம். இடப்பக்கம் ஏதோ லேசானது. திரும்பிப் பார்த்தால் சக்கரம் ஒரு சாண் உயரத்தில் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உடம்பு முழுக்க உறைந்துவிட்டது. “வேகத்தக் கொற! ஹேண்டில வலது பக்கம் கொஞ்சம் வுடு!” விட்டேன். டொக்கென்று இறங்கியது.

அன்று அதைப் பலமுறை செய்தேன். முதல் சில முறை அவர் கத்தினார். பிறகு கத்தவில்லை, கச்சாங் கொறித்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் நானே தூக்கி, நானே இறக்கினேன். சைட்கார் ஓட்டக் கற்றுத்தரும் வெளிநாட்டு வகுப்புகளிலும் இதையே பயிற்சியாக வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். அண்ணன் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

*

இந்தக் கதையில் இன்னும் ஒரு வண்டி பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இங்கிலாந்தில் பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், கால்கள் செயலிழந்த தன் உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப்பின் சக்கர நாற்காலிக்குப் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினைப் பொருத்திக்கொடுத்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்து கால் இழந்த சிப்பாய்கள் வீடு திரும்பிய நேரம். இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் ‘இன்வாகார்’ என்ற மூன்று சக்கர வண்டியை அரசே ஊனமுற்றவர்களுக்குக் கொடுத்தது. பல்லாயிரம் பேருக்கு முதன்முறையாகத் தனியாக வெளியே போக முடிந்தது. ஆனால் அதில் ஒரே இருக்கைதான். மனைவியையோ பிள்ளையையோ ஏற்றக்கூடாது. பலமான காற்றுக்குத் தடுமாறும் என்ற புகாரும் இருந்தது. அதை ஓட்டியவர்களே எழுந்து போராடினார்கள். தங்களுக்கு எது பாதுகாப்பு என்பதை மற்றவர்கள் மட்டும் முடிவுசெய்யக்கூடாது என்றார்கள். 2003 மார்ச் 31க்குப் பிறகு அந்த வண்டி பிரிட்டன் சாலைகளில் ஓடக்கூடாது என்றானது.

மூன்று சக்கரத்தின் கதையில் எனக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். வெளியே போக ஒரு வண்டி கிடைத்ததற்கு நன்றியோடு இருந்தவர்கள், அது எப்படியெல்லாம் கவிழும் என்பதையும் வாய்திறந்து சொன்னார்கள். நன்றி சொல்கிற வாயால் குறையும் சொல்லலாம். நம் வீடுகளில் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. “இவ்ளோ செலவு பண்ணி செஞ்சு கொடுத்தாச்சு, இன்னும் என்ன பயம்?” என்று அந்த ஆறு வாரத்தில் எத்தனை பேர் என்னைக் கேட்டார்கள்!

*

முதல் நாள் ராத்திரி ஷிஃப்டுக்கு நானே ஓட்டிப் போனபோது அப்பா காரில் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் அவர் விளக்கு தெரிந்துகொண்டே இருந்தது. நான்காவது நாள் தெரியவில்லை.

இப்போது பெட்டியில் அரிசி மூட்டை இல்லை, மணல் மூட்டைதான் இருக்கிறது. அரிசி வைத்தால் அம்மா எடுத்துச் சமைத்துவிடுகிறார், எடை குறைந்துபோகிறது. கிளினிக்குக்கு முந்தைய சந்திப்பில் இடப்பக்கம் திரும்பவேண்டும். அங்கே இன்னமும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பின்னால் வருகிற கார்கள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும். என் வண்டி எந்தப் பக்கம் விழும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் வாசலில் மோட்டார் நிற்கிறது. தட்டி எழுப்ப யாரும் இல்லை.